அகத்தியர் உதயமும் சுஹைல் உதயமும்

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் நெருங்கினால் இந்தப் பாலைக் கரையிலுள்ள அரபுப் பெரியவர்களிடையே ஒரு விசாரிப்பு கேட்கும். சுஹைல் வந்துவிட்டதா என்பதே அது. சுஹைல் என்பது யாரோ விருந்தாளியின் பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பதுண்டு. அது ஒரு நட்சத்திரம். விடியற்காலையில் தெற்கு அடிவானத்தில் அது முதன்முதலாகத் தலைகாட்டும் நாள் ஆகஸ்ட் 24 வாக்கில் வருகிறது. அன்றிலிருந்து வெயிலின் கொடுமை உடனே தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் இரவுகள் மெல்ல மெல்லக் குளிர ஆரம்பிக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக இங்குள்ளவர்கள் கண்ட அனுபவம்.

ரோலாவில் குடியிருக்கும் நம் அன்பர்கள் பலருக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றலாம். உண்மையில் சுஹைல் நமக்கு மிகவும் வேண்டியவர். மேல்நாட்டார் கனோபஸ் என்றும், அரபுகள் சுஹைல் என்றும் அழைக்கும் இந்த நட்சத்திரத்தைத்தான் பாரத தேசத்தில் அகஸ்தியர் என்று அழைத்து வந்திருக்கிறார்கள். பொதிகை மலையில் அமர்ந்து தமிழ் வளர்த்தார் என்று நாம் போற்றும் அதே குறுமுனிதான். வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் முதலிடம் சிரியஸ் என்னும் மிருகவியாதனுக்கு. இரண்டாவது இடம் அகத்தியருக்கு. பூமியிலிருந்து சுமார் 310 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று கண்ணில் படும் அதன் ஒளி, மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி முடிந்து சில பத்தாண்டுகளுக்குப் பின் புறப்பட்டது.

அகத்தியர் தெற்கே வந்த கதையைச் சொல்லத் தேவையில்லை. கயிலையில் திருக்கல்யாணத்துக்குக் கூடிய கூட்டத்தால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததும், அதைச் சமன் செய்ய முனிவர் அனுப்பப்பட்டதும், வழியில் விந்திய மலை அவர் முன் பணிந்ததும் குழந்தைகளும் அறிந்தவை. இந்தக் கதையை வானத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான உண்மை புலப்படும். இந்த நட்சத்திரம் தென் துருவத்தின் பக்கமாக வெகு தூரம் சாய்ந்திருக்கிறது. ஆகையால் வடக்கே போகப் போக அது தாழ்ந்துகொண்டே போகும். கன்னியாகுமரியில் அடிவானத்துக்கு மேல் 29 பாகை உயரம் வரை ஏறும். சென்னையில் 24 பாகை. டில்லியில் 9 பாகைக்கும் சற்றுக் குறைவு. காஷ்மீரத்தில் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு மறைந்துவிடும். வடக்கேயிருந்து விந்தியத்தைத் தாண்டி நடந்து வந்த ஒருவனுக்கு, தான் தெற்கே வர வர இந்த நட்சத்திரம் உயர்ந்து தன்னை வரவேற்பதாகவே தோன்றியிருக்கும். பூமியின் அச்சு மிக மெதுவாகத் தன் திசையை மாற்றிக்கொண்டே வருவதால், பன்னிரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் வட இந்தியாவில் அகத்தியர் தெரிந்திருக்கவே முடியாது. பின்னர்தான் படிப்படியாக வடக்கத்தியர் கண்ணுக்கும் எட்டியது. வானியலாளர் கே.டி. அப்யங்கர் 2005ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் விந்தியக் கதையை இந்தக் கோணத்தில் ஆராய்ந்திருக்கிறார். இதைக் கேட்டுப் புராணம் பொய்யாகிவிட்டதே என்று வருந்துபவர்களும் உண்டு. வருந்தக் காரணமில்லை. வானத்தை உற்றுப் பார்த்தவர்கள் சொன்ன கதை என்பதால் அதற்கு மதிப்புக் கூடத்தான் செய்கிறது.

இந்த ஷார்ஜாவில் அகத்தியர் எவ்வளவு உயரம் ஏறுவார்? சரியாக 12 பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். ஆக ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சென்னையில் ஒன்பதரை மணி நேரம் வானத்தில் உலவும் நட்சத்திரம் இங்கே ஏழு மணி நேரத்துக்குள் எழுந்து மறைந்துவிடுகிறது. ஊரை விட்டு எத்தனை தூரம் வடக்கே வந்துவிட்டோம் என்பதைப் பாஸ்போர்ட்டைப் பார்க்காமலே அறிந்துகொள்ளலாம்.

இதை நம் பழைய ஜோதிஷ நூலார் நன்கு அறிந்திருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருஹத் ஸம்ஹிதையில் அகஸ்தியருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மழைக்காலத்தில் கலங்கிய நீர்நிலைகள் அகஸ்திய உதயத்தோடு தெளிவடைவதை அவர் வர்ணிக்கிறார். காளிதாசனும் ரகுவம்சத்தில் இதே கருத்தைச் சொல்கிறான். நட்சத்திரம் தென்பட்டதும் அதற்கு அர்க்கியம் கொடுக்கவேண்டிய முறையும் ஸம்ஹிதையில் விவரமாக உள்ளது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு குறிப்பு. உதய நாளை ஒவ்வொரு தேசத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டுச் சொல்லவேண்டும் என்கிறார். உஜ்ஜயினியில் சூரியன் கன்னி ராசியை அடைய ஏழு பாகை இருக்கும்போது, அதாவது ஆவணி மாதக் கடைசி வாரத்தில், அகஸ்தியர் தென்படுவார் என்பது அவர் கணக்கு. இன்று ஷார்ஜாவில் தென்படும் நாள் ஆவணி 8ஆம் தேதியை ஒட்டி வருகிறது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ராசிகளைக் கொண்டு கணக்கிடும் நம் மாதங்கள் அயன சலனத்தால் இந்த ஆயிரத்தைந்நூறு வருஷங்களில் பருவங்களை விட்டு மூன்று வாரத்துக்கும் மேல் நழுவி வந்திருக்கின்றன. அகத்தியரோ பருவத்தை விட்டு அவ்வளவாக நகரவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். உஜ்ஜயினி வடக்கு 23 பாகையில் இருக்கிறது. ஷார்ஜா 25 பாகையில். சென்னையோ 13. அகத்தியர் விஷயத்தில் ஷார்ஜாவாசிக்குச் சென்னைப் பஞ்சாங்கத்தை விட வராகமிகிரரின் உஜ்ஜயினிதான் நெருக்கமான ஊர். ஊரிலிருந்து வரும் பஞ்சாங்கத்தைப் பிரித்து அதிலுள்ள உதய நேரங்களை அப்படியே இங்கே எடுத்துக்கொள்பவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

தமிழில் பரிபாடலின் பதினோராவது பாட்டு இதற்குச் சான்று. நல்லந்துவனார் வையையைப் பாடிய அந்தப் பாட்டில், வெள்ளம் வந்த காலத்தைச் சொல்வதற்காக எந்தக் கோள் எந்த ராசியில் நின்றது என்ற விவரமெல்லாம் வருகிறது. பொதிகை முனிவர் மிதுனத்தைச் சேர்ந்த செய்தியும் அதில் இருக்கிறது. அதை வைத்துக் காலக் கணித அறிஞர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அந்தப் பாட்டின் நிகழ்ச்சியைக் கி.பி. 634ஆம் ஆண்டில் வைத்தார். அத்தனை பிற்காலமா என்று மறுத்த புலவர்கள் பலர். வழக்கு எப்படி முடிந்தாலும், ஆற்றங்கரைக் கூட்டத்துக்குப் பாடும் புலவன் வானத்தை அத்தனை நுட்பமாகச் சொல்ல, கேட்டவர்களும் அதைப் புரிந்துகொண்டார்கள் என்பதே பெரிது.

இனி அரபுக் கரைக்கு வரலாம். அவர்கள் கதையிலும் சுஹைல் தெற்கே ஓடிப்போனவன்தான். சிரியஸும் புரோசியானும் அவனுடைய சகோதரிகள். சிரியஸ் ஆகாச கங்கையைத் தாண்டிச் சென்று அண்ணனை அடைந்தாளாம். அதனால் அவளுக்குக் கடந்தவள் என்று பெயர். தாண்டமுடியாமல் அக்கரையில் நின்ற தங்கை அழுது அழுது கண் மங்கிப்போனாள். வானத்தில் பார்த்தால் புரோசியான் சிரியஸை விட மங்கலாக, ஆகாச கங்கைக்கு மறுகரையில்தான் இருக்கிறது. நம் கதையில் சமன் செய்யப் போனார். இவர்கள் கதையில் தப்பித்துப் போனான். இரண்டு ஜனங்களும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததும் ‘தெற்கே போனவர்’ என்றே நினைத்திருக்கிறார்கள்.

துரூர் என்று இங்கே ஒரு பழைய காலக் கணக்கு உண்டு. வருஷத்தைப் பத்துப் பத்து நாட்களாக எண்ணுவது. அந்த எண்ணிக்கை சுஹைல் உதயத்திலிருந்துதான் தொடங்கும். எப்போது விதைப்பது, எப்போது கடலுக்குப் போவது, எந்தப் பத்தில் எந்தக் காற்று அடிக்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். இஸ்லாமியச் சந்திர மாதங்கள் பருவத்தோடு ஒட்டாமல் வருஷந்தோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துவிடுவதால், விவசாயிக்கும் மீனவனுக்கும் முத்துக்குளிப்பவனுக்கும் நட்சத்திரக் கணக்கு தேவைப்பட்டது. முத்துக்குளிப்பின் பெரிய பருவம் ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் முடிவில் முடியும். மாதக்கணக்கில் கடலில் உப்பிலும் வெயிலிலும் கிடந்தவர்களுக்கு விடியற்காலையில் சுஹைல் தெரிந்தால் வீடு திரும்ப இன்னும் ஒரு மாதம்தான் என்று அர்த்தம். அந்த முத்துக்கள் பம்பாய்ச் சந்தைக்குத்தான் பெரும்பாலும் போயின. இந்திய வியாபாரிகளின் கடன் பணமும் அந்தப் படகுகளில் மிதந்தது. 1929க்குப் பிந்தைய உலக மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அந்தத் தொழிலை அழித்துவிட்டன.

படகோட்டிகளுக்கு நட்சத்திரம் காலம் மட்டுமல்ல, திசையும்கூட. அரபு மாலுமிகளின் திசைகாட்டியில் முப்பத்திரண்டு திசைகளில் பெரும்பாலானவற்றுக்கு நட்சத்திரங்களின் பெயர்தான். தென்தென்கிழக்குக்குச் சுஹைல் உதயம் என்றும், தென்தென்மேற்குக்குச் சுஹைல் அஸ்தமனம் என்றும் பெயர். இந்தக் கலையின் பெரிய ஆசான் அகமது இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமாவை ஒட்டிய ஜுல்ஃபாரில் பிறந்தவர். 1490 வாக்கில் அவர் எழுதிய கிதாப் அல் ஃபவாயித் இந்துமாக் கடல் பிரயாணத்துக்கே அகராதி போன்றது. நட்சத்திரத்தின் உயரத்தை அவர்கள் விரற்கணக்கில் அளந்தார்கள். ஒரு விரல் என்பது ஒன்றரை பாகைக்குச் சற்று அதிகம். அளக்கும் கருவி கமால் எனப்பட்ட சிறு பலகை. நடுவில் முடிச்சுகள் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையின் அடி விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தினால், எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதுவே துறைமுகத்தின் அடையாளம்.

இதே பலகை நம் சோழமண்டலக் கரையிலும் இருந்தது. தமிழ் மாலுமிகள் அதை இராப்பலகை என்றார்கள். 1850ஆம் ஆண்டில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் நம் கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றிச் சென்னைச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். கயிற்றில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே கருவி, ஒரே வானம்! வாஸ்கோ ட காமாவுக்கு 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்று ஒரு கதை நெடுநாள் புழங்கியது. ஷார்ஜாவின் ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் முகம்மது அல் காசிமியே, தாம் ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர் என்ற முறையில், அதை மறுத்து 2000ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். இன்று பெரும்பாலான சரித்திர ஆசிரியர்கள் அந்தக் கதையை ஏற்பதில்லை.

இவ்வளவு பெருமையுள்ள நட்சத்திரத்தை இன்று ரோலாவில் நின்று பார்க்கமுடியுமா? முயன்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ரோலா என்றால் ஆலமரம். சதுக்கத்தின் நடுவே நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக நின்ற ஆலமரம்தான் இந்த வட்டாரத்துக்கே பெயர் கொடுத்தது. பெருநாட்களில் அதன் கிளைகளில் ஊஞ்சல் கட்டி ஆடுவார்களாம். 1978இல் மரம் சாய்ந்தது. அதன் உருவத்தை வைத்து ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். (ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் பானியன் என்ற பெயர் வந்ததே இந்த வளைகுடாவில்தான். பாரசீகக் கரையில் பந்தர் அப்பாஸ் அருகே ஓர் ஆலமரத்தடியில் நம் பனியா வியாபாரிகள் கோயில் கட்டி வழிபட்டதைப் பார்த்து ஐரோப்பியர் வைத்த பெயர் அது.) மரம் போன அதே காலத்தை ஒட்டி அதன் மேலிருந்த இருட்டும் போய்விட்டது. அதற்கு யாரும் நினைவுச்சின்னம் வைக்கவில்லை.

விளக்கைக் குறை சொல்வது நன்றியில்லாத காரியம். அந்த விளக்குகளை நம்பித்தான் இத்தனை குடும்பங்கள் கடல் கடந்து வந்து பிழைக்கின்றன. ஆயினும் நடப்பதைச் சொல்லவேண்டும். அகத்தியர் மிகப் பிரகாசமானவர் ஆகையால் விளக்கு வெளிச்சம் ஒன்றே அவரை மறைத்துவிடாது. பன்னிரண்டு பாகை உயரத்துக்குள் இருப்பவரைக் கட்டிடங்கள் மறைக்கின்றன. மிச்சத்தைக் கடற்கரை ஈரமும் புழுதியும் விளக்கொளியை வாங்கிப் பரப்பி மறைக்கின்றன. ஆகாச கங்கையோ அடியோடு இல்லை. அது தெரியாத வானத்தில், சிரியஸ் எதைத் தாண்டினாள், தங்கை எந்தக் கரையில் நின்று அழுதாள் என்று குழந்தைக்கு எப்படிக் காட்டுவது? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் ஆகாச கங்கையைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள் அநேகர். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து தினமும் பார்த்தது அது.

மேல்நாடுகளில் இந்தக் குறை முன்பே தோன்றியதால் பரிகாரமும் முன்பே தோன்றியது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற தொழில் ஊரில், ரஸல் போர்ட்டர் என்பவர் அங்குள்ள தொழிலாளர்களுக்குத் தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுத்தார். ஊருக்கு வெளியே ஸ்டெல்லாஃபேன் என்ற குன்றில் 1926இல் அவர்கள் கூட்டிய கூட்டமே இன்று உலகெங்கும் நடக்கும் ‘ஸ்டார் பார்ட்டி’களுக்கு முன்னோடி. பெயரைக் கேட்டு விருந்தென்று போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். சோறு அவரவர் கொண்டுபோவது. விருந்து கண்ணுக்கு மட்டும். இருட்டான இடத்தில் ஆளுக்கொரு தொலைநோக்கியை நிறுத்திவைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பார்க்கக் கொடுப்பதுதான் வழக்கம்.

இந்தக் கூட்டங்களில் அதிகம் காணப்படும் தொலைநோக்கிக்கு டாப்ஸோனியன் என்று பெயர். அதன் கர்த்தா ஜான் டாப்ஸனைப் பற்றி நம் அன்பர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். 1915இல் பீகிங்கில் பிறந்த அமெரிக்கர். ரசாயனம் படித்தவர். 1944இல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவிலுள்ள வேதாந்த சங்கத்தில், ராமகிருஷ்ண சம்பிரதாயத்தில், பிரம்மசாரியாகச் சேர்ந்து இருபத்துமூன்று வருஷம் மடத்தில் வாழ்ந்தார். வேதாந்தத்தையும் விஞ்ஞானத்தையும் இணைத்துப் பார்ப்பது மடத்தில் அவருக்கு இடப்பட்ட பணிகளில் ஒன்று. பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசுவதானால் முதலில் அதைப் பார்க்கவேண்டும் அல்லவா? கையில் காசில்லாத துறவி, பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயும் பலகையும் கொண்டு தாங்கி செய்தார். இரவில் அதைத் தள்ளிக்கொண்டுபோய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சந்திரனைக் காட்டினார். மடத்தை விட்டு வெளியே போவது அதிகமாகிவிடவே 1967இல் அவர் மடத்தைத் துறக்க நேர்ந்தது. மறு வருஷமே நண்பர்களுடன் நடைபாதை வானியலார் என்ற சங்கம் ஆரம்பமாயிற்று. தொலைநோக்கியை யாரும் செய்துகொள்ளக்கூடிய எளிய பொருளாக்கிய அவர் அதற்கு உரிமைப் பணம் கேட்கவில்லை. 2014இல் காலமாகும்வரை தெருமுனையில் நின்று, போகிறவர்களைக் கூப்பிட்டுச் சனி வளையத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். துறவு எந்த வருஷத்தில் முடிந்தது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இந்த வழக்கம் வளைகுடாவுக்கும் வந்துவிட்டது. துபாய் வானியல் குழு 2001இல் தோன்றியது. ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் பெர்ஸீயட் எரிகற்கள் விழும் இரவிலும், கிரகண நாட்களிலும் பாலைவனத்தில் ஜனங்கள் கூடுகிறார்கள். அபுதாபியின் தெற்கே அல் குவா பாலை, ஆகாச கங்கையைப் பார்ப்பதற்கென்றே பெயர் பெற்றுவிட்டது. ரோலாவுக்கு அருகில் என்றால் மலேஹா. காரில் ஒரு மணி நேரத்துப் பிரயாணம். நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கல்லறையும், அருகே ஃபாயா குன்றில் அதைவிடப் பல மடங்கு பழைய கற்கருவிகளும் கிடைத்த இடம். ஃபாயா 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

போகிறவர்களுக்குக் கண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள். பகலில் பார்க்கும் நரம்பணுக்கள் வேறு, இருளில் பார்ப்பவை வேறு. இரண்டாவது வகையில் ரோடாப்ஸின் என்ற ஒரு நிறமி உண்டு. வெளிச்சத்தில் அது வெளுத்துப்போகும். மறுபடி ஊற இருபது முப்பது நிமிஷம் வேண்டும். வண்டியை விட்டு இறங்கிய உடனே மேலே பார்த்து, ஒன்றுமில்லையே என்று திரும்பிவிடுபவர்கள் இதை அறியாதவர்கள். அரை மணி பொறுத்தபின் யாராவது ஒருவர் கைபேசியைத் திறந்தால், சுற்றியிருக்கும் எல்லோருடைய அரை மணியும் வீண். சிவப்பு வெளிச்சம் இந்த அணுக்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆகவே சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் போதும். மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும், ஏனெனில் விழித்திரையின் நடுவில் இருள் அணுக்கள் இல்லை. அந்த நிமிஷங்களிலும் பழகாத கண், அதாவது இருட்டில் தடுமாறும் கண், வெறும் வயதின் கோளாறு என்று விட்டுவிடத் தக்கதல்ல. வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் வருவது எல்லோரும் அறிந்தது. நீரிழிவுக்காரர்களுக்கு விழித்திரை கெடத் தொடங்குவதும் சில சமயம் இப்படித்தான் முதலில் தெரியவரும். அத்தகையவர்கள் ஊர் திரும்பியதும் கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

அகத்தியரை உதய காலத்தில் பார்க்க விரும்புபவர்கள் ஆகஸ்ட் 24ஐப் பிடித்துக்கொண்டு அவதிப்படவேண்டாம். அன்று சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோதுதான் எழுகிறார், புழுதியில் தப்பிவிடுவார். செப்டம்பர் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக, தென்தென்கிழக்கில் எழுந்துவிடுவார். அர்க்கியம் கொடுக்க எண்ணுபவர்களுக்கும் அது சௌகரியம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பிப்ரவரி முதல் வாரம் உத்தமம். குளிர் தாங்கும்படி கம்பளி எடுத்துச்செல்லவேண்டும். சந்திரன் இல்லாத இரவாகப் பார்த்து ஒன்பது மணிக்கு மலேஹாவின் திறந்த வெளியில் தெற்கு நோக்கி நின்றால், உயரே மிருகசீரிஷ வேடன், அவனுக்குக் கீழே இடப்பக்கம் கண்ணைப் பறிக்கும் சிரியஸ். அதிலிருந்து நேர் கீழாகக் கையை இறக்கவேண்டும், மூன்றரை முஷ்டி தூரம். அடிவானத்துக்குச் சற்று மேலே, தனியாக, இலேசாக மினுக்கிக்கொண்டு நிற்பவர் அவர்தான். நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் மணற்குன்றுகளுக்குப் பின்னால் இறங்கிவிடுவார்.